உமையாள்புரத்தில் பிறந்த இன்னொருவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் காவிரிக் கரைக் கலைஞர்களைப் பற்றி இரண்டு பக்கத்துக்குக் கட்டுரை போட்டிருந்தீர்கள். கையில் இருந்த டீ ஆறிப்போனது தெரியாமல் ஒரு வரி விடாமல் படித்தேன். திருக்குவளைக் கலைஞர், சூரக்கோட்டைச் சிவாஜி, நன்னிலத்துப் பக்கத்துப் பாலசந்தர் என்று எல்லாரும் வந்திருந்தார்கள். உமையாள்புரம் என்ற பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தியாகராஜ சுவாமிகளின் சீடர்களான கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் இருவரையும் சொல்லியிருந்தீர்கள். மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமனுக்குத் தனிப் பத்தியே கொடுத்திருந்தீர்கள். அவருக்கு எவ்வளவு எழுதினாலும் தகும். ஆனால் அத்தோடு கட்டுரை அடுத்த ஊருக்குப் போய்விட்டது. அந்த ஊரில் பிறந்த இன்னொருவரை எங்கே என்று மறுபடியும் முதலிலிருந்து தேடினேன். காணவில்லை.

அவர் பெயர் பஞ்சாபகேசன். 1915 ஜனவரி 24-ம் தேதி பிறந்தவர். கிருஷ்ணன்-பஞ்சு என்ற இரட்டை இயக்குநர்களில் பஞ்சு என்பது அவர்தான். பராசக்தி, ரத்தக்கண்ணீர், சர்வர் சுந்தரம், குழந்தையும் தெய்வமும், உயர்ந்த மனிதன் என்று படங்களைச் சொன்னால் உங்கள் வாசகர்கள் பலருக்கு ஞாபகம் வந்துவிடும். டைரக்டர் என்பதற்காக மட்டும் நான் அவரைப் பற்றி எழுதவில்லை. அவர் எடிட்டர். பராசக்தியை வெட்டி ஒட்டியது அவர் கைதான். அந்தக் கையைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருப்பதாக நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் 1974-லிருந்து 2012 வரை, 38 வருஷம், சினிமா ஆபரேட்டராக இருந்தவன். பாபநாசத்துக்கும் கபிஸ்தலத்துக்கும் நடுவில் இருந்த ஒரு டூரிங் கொட்டகையில் ரீல் சுற்றும் பையனாகச் சேர்ந்தேன். தரை டிக்கெட்டுக்கு ஆற்று மணலைக் கொட்டி நிரப்பி வைத்திருப்பார்கள். குறுவை அறுப்பு முடிந்து கூலி கைக்கு வந்தால் கொட்டகை நிறையும். நடவு நேரத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். அப்புறம் லைசென்ஸ் எடுத்து, பக்கத்து ஊரில் ஒரு பெரிய தியேட்டரில் ஆபரேட்டரானேன். பிலிம் பெட்டி வருவது நின்று, எல்லாம் டிஜிட்டலாக மாறிய வருஷம் வேலையை விட்டேன். இப்போது வயது 71.

ஆபரேட்டர் என்றால் மெஷினைப் போட்டுவிட்டுப் பீடி குடிப்பவன் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு படத்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை, நாலு தடவை பார்க்கிறவன் அவன்தான். வாரக் கடைசிக்குள் அந்தப் படத்தில் எந்த இடத்தில் ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பது அவன் உடம்புக்கே தெரிந்துவிடும். மெஷினில் வெளிச்சத்துக்காக எரியும் கார்பன் குச்சியைச் சரி செய்யத் திரும்பி நின்றாலும், முதுகுக்குப் பின்னால் காட்சி மாறுவது தெரியும். சில படங்களில் அந்த மாறுதல் இடிக்கும், சில படங்களில் தண்ணீர் மடை மாறுகிற மாதிரி போகும். இது யார் செய்த வேலை என்று தெரிந்துகொள்ளத்தான் தலைப்பில் எடிட்டர் பெயர் வரும்போது கவனித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

அப்படிக் கவனித்ததில் பழைய படங்களில் அடிக்கடி கண்ணில் பட்ட பெயர் 'பஞ்சாபி'. யாரோ வடக்கத்திக்காரர், பஞ்சாபிலிருந்து வந்து சென்னையில் வேலை பார்க்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். சர்தார்ஜியாகக்கூட இருக்கலாம் என்று எண்ணியதுண்டு. தமிழ் வசனம் புரியாமல் இவ்வளவு அழகாக எப்படி வெட்டுகிறார் என்று எங்கள் கொட்டகையில் பெரிய ஆபரேட்டரிடம் கேட்டிருக்கிறேன். அவருக்கும் தெரியவில்லை. நான் சைக்கிள் மிதித்தால் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊரில் பிறந்தவர் அவர் என்று தெரிய எனக்குப் பதினோரு வருஷம் ஆனது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிலிம் போய்விட்டதால் இன்றைய பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு தெரியாது. பிரேம் என்பது பிலிமில் இருக்கும் ஒரு தனிப் படம். ஒரு அடி பிலிமில் 16 பிரேம். ஒரு விநாடிக்கு 24 பிரேம் ஓடும். அதாவது நிமிடத்துக்கு 90 அடி. மூன்று மணி நேரப் படம் என்றால் 16,200 அடி. இது எங்கள் கைக்கு வருகிற கணக்கு. படப்பிடிப்பில் எடுப்பது இதைப் போலப் பல மடங்கு. ஒரே காட்சியைக் கிட்டத்தில் வைத்து ஒரு தடவை, தூரத்தில் வைத்து ஒரு தடவை, சரியாக வராததால் இன்னும் நாலு தடவை என்று எடுத்துத் தள்ளியிருப்பார்கள். அத்தனையும் துண்டு துண்டாக எடிட்டர் மேஜைக்கு வரும். காலால் மிதித்து ஓட்டுகிற மூவியோலா என்ற எடிட்டிங் மெஷினில் போட்டு முன்னும் பின்னும் பார்த்து, இது வேண்டும் இது வேண்டாம் என்று தீர்மானிக்க வேண்டும். வேண்டாததைக் கழிக்க எல்லாராலும் முடியும். நன்றாக இருப்பதையே கழிக்கத் துணிகிறவர்தான் எடிட்டர். அதே மாதிரி, எங்கே கத்தியை வைக்கக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பராசக்தி 1952 அக்டோபர் 17, தீபாவளி அன்று வந்த படம். மூன்று மணி நேரத்துக்குக் கூடுதலாக ஓடும். நான் பிறக்கும் முன்பே வந்துவிட்ட படத்தை, பழைய பிரிண்ட்டில், 1970-களில் எங்கள் கொட்டகையில் ஓட்டியிருக்கிறேன். அந்தக் கோர்ட் காட்சி வரும். சிவாஜி பேச ஆரம்பிப்பார். இவ்வளவு நீளப் பேச்சை யாராவது இன்று எடிட்டிங் மேஜையில் வைத்தால் முதல் வேலையாகப் பாதியைத் தூக்கி எறிவார்கள். பஞ்சு எறியவில்லை. பேச்சு அதன் போக்கில் ஏறி, தணிந்து, மறுபடி ஏறுகிற வரை விட்டு வைத்தார். மெஷின் ரூமின் சின்ன ஜன்னல் வழியாக ஜனங்களைப் பார்ப்பேன். மணலில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தர்கூட முறுக்கு வாங்க எழுந்து போக மாட்டார்கள். குழந்தை அழுதால் வாயில் முந்தானையை வைத்து அடக்குவார்கள். திருக்குவளையில் பிறந்தவர் எழுதிய வசனம், சூரக்கோட்டைக்காரர் பேசியது, உமையாள்புரத்துக்காரர் வெட்டாமல் காப்பாற்றியது. மூன்று பேரும் நம் பக்கத்து ஆட்கள். இரண்டு பேரை ஊரே கொண்டாடுகிறது, உங்கள் கட்டுரையும் கொண்டாடியது. மூன்றாமவரை ஏன் விட்டோம்?

இதைக் கேட்க எனக்குள் ஒரு குற்ற உணர்வும் இருக்கிறது. இதுவரை வெளியில் சொன்னதில்லை.

1979-ல் என்று நினைவு. பராசக்தி மறுபடியும் எங்கள் கொட்டகைக்கு வந்தது. மாலை ஆறரைக்கு முதல் ஆட்டம். எங்களிடம் ஒரே மெஷின், அதனால் ரீல் மாற்ற மூன்று இடைவேளை. எல்லாம் சேர்த்துப் படம் முடியப் பத்து மணி தாண்டிவிடும். கடைசி பஸ் பத்து மணிக்கு. பஸ்ஸைப் பிடிக்க முடியாது என்று தெரிந்தால் வெளியூர்க் கூட்டம் வராது. கொட்டகை முதலாளி மெஷின் ரூமுக்கே ஏறி வந்து, "அஞ்சு நிமிஷத்தைக் கழிச்சுடுறா. பாட்டுல கை வைக்காத, வசனத்துல கை வைக்காத. சும்மா நடக்குறது, பாக்குறது இருக்கும் பாரு, அதை எடு. ஒருத்தனுக்கும் தெரியாது" என்றார். பெரிய ஆபரேட்டர் அன்று லீவு. எனக்கு 25 வயது. முதலாளி சொன்னால் மறுபேச்சுக் கிடையாது.

அஞ்சு நிமிடம் என்றால் 450 அடி. மதியம் முழுக்க உட்கார்ந்து நாலு இடத்தில் எடுத்தேன். ரீவைண்டரில் ரீலை மாட்டி, பிலிமின் இரண்டு ஓரத்தையும் விரல் நுனியால் பிடித்துக்கொண்டு, அடியில் எரியும் பல்பின் வெளிச்சத்தில் ஒவ்வொரு பிரேமாகப் பார்த்தேன். கத்தரியால் நறுக்கினேன். ஒரு முனையில் மேல் பூச்சைப் பிளேடால் சுரண்ட வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் பிலிமே கிழிந்துவிடும். சுரண்டிய இடத்தில் பிலிம் சிமெண்ட்டைத் தொட்டு வைத்து, மறுமுனையை அதன்மேல் படியவைத்து, துளைக்குத் துளை சேரும்படி பார்த்து, பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஊதி ஊதிக் காய வைப்பேன். அந்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது, நெயில் பாலிஷ் மாதிரி.

பிலிமில் ஒரு விஷயம் உண்டு. ஒரு பிரேமுக்குரிய ஒலி அந்தப் பிரேமுக்கு நேர் பக்கத்தில் இருக்காது. சுமார் 20 பிரேம் முன்னால் போய்க்கொண்டிருக்கும். மெஷினில் படம் ஓடுகிற கதவு ஓரிடத்தில், ஒலியைப் படிக்கிற உருளை அதற்குக் கீழே வேறிடத்தில், அதனால்தான் அப்படி. ஆக, படத்தைப் பார்த்து நான் சரியாக வெட்டினாலும் ஒலி முக்கால் விநாடிக்கு மேல் தள்ளி வெட்டுப்படும். எங்கோ ஒரு அழுகை பாதியில் நிற்கும், எங்கோ வீணை தொடங்குமுன்னே முடியும். எடிட்டர் படத்துக்குத் தனியாக, ஒலிக்குத் தனியாக வைத்துக்கொண்டு இரண்டையும் பொருத்தி வெட்டியதை, நான் ஒரே கத்தரியில் இரண்டையும் சேர்த்து நறுக்கினேன்.

அன்று ஆட்டம் பத்து மணிக்கு அஞ்சு நிமிடம் இருக்கும்போது முடிந்தது. முதலாளிக்குச் சந்தோஷம். நான் ரீலைச் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். படலுக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா நின்றுகொண்டிருந்தார். நடவு வேலைக்குப் போகிறவர், எங்கள் கொட்டகைக்கு வாடிக்கை. முன்பு ஒரு தடவை இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார் போலும்.

"தம்பி, அந்தப் பொண்ணு கைப்புள்ளையோட பலகாரம் வித்துக்கிட்டு இருந்துச்சே, அந்தக் கடைய எப்ப விட்டுச்சு? நடுவுல ஒண்ணு காணுமே?"

"பிரிண்ட் பழசு ஆத்தா, அறுந்து போயிருக்கு" என்றேன். பொய்.

"அதான பாத்தேன். அது அங்கேருந்து கெளம்புறப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு அப்ப. இன்னிக்கு அழுகையே வரல" என்று சொல்லிவிட்டு டார்ச் லைட்டை அடித்துக்கொண்டு வரப்பில் இறங்கிப் போனார்.

'சும்மா நடக்குறது, பாக்குறது' என்று நான் கழித்தேனே, அதில்தான் அந்த அம்மாவின் அழுகை இருந்திருக்கிறது. ஒருவர் ஒரு வார்த்தையும் பேசாமல் நடந்து போகிற காட்சியை இத்தனை அடி வைக்கலாம், இதற்கு மேல் ஓர் அடி வேண்டாம் என்று எங்கோ ஓர் இருட்டு அறையில் ஒருவர் நாள் கணக்கில் யோசித்துத் தீர்மானித்திருக்கிறார். அவர் அப்படி விட்டு வைத்ததை, கடைசி பஸ்ஸுக்காக நான் எடுத்துவிட்டேன். அன்று ராத்திரி மெஷின் ரூமிலேயே படுத்தேன். தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை நாலு துண்டையும் எடுத்து, பழைய இடத்திலேயே ஒட்டினேன். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு பிரேம் போகும், அதைத் தடுக்க முடியாது. முதலாளி திட்டினார். "ஆட்டத்தை ஆறேகாலுக்கே போடுங்க முதலாளி" என்றேன். வாழ்க்கையில் அவருக்கு நான் எதிர்த்துச் சொன்னது அது ஒன்றுதான். கொஞ்சம் முறைத்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு 33 வருஷம் தொழில் செய்தேன். அறுந்தால் ஒட்டியிருக்கிறேன், ஆனால் நானாகக் கத்தரி வைத்ததில்லை.

இனி அந்தப் பதினோரு வருஷக் கதை. 1985-ல் ஒரு படப்பெட்டி விவகாரமாக என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். வேலை முடிந்ததும் ஊர்க்காரப் பையன் ஒருவன் கோடம்பாக்கத்தில் ஓர் எடிட்டிங் ரூமில் உதவியாளனாக இருக்கிறான் என்று தேடிப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எடிட்டிங் ரூமைப் பார்க்கிறேன். ஒரு கட்டில் போடுகிற அளவு இடம். சுவரில் வரிசையாக ஆணி, ஒவ்வொரு ஆணியிலும் பிலிம் துண்டு தொங்குகிறது, அடியில் வெள்ளைத் துணிப்பை கட்டி அதற்குள் நுனி விழுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். கையில் வெள்ளை உறை போட்டுக்கொண்டு ஒருவர் நம்பரைப் படிக்கிறார், இன்னொருவர் துண்டை எடுத்துக் கொடுக்கிறார். பூக்கடையில் சரம் தொடுக்கிற வேகம். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

அங்கே வயதான உதவியாளர் ஒருவர் இருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். பாபநாசம் பக்கம் என்றேன். "அட, பஞ்சு சாரோட ஊர்ப் பக்கம்" என்றார். எந்தப் பஞ்சு என்றேன். "கிருஷ்ணன்-பஞ்சு. பஞ்சாபின்னு டைட்டில்ல போடுவாரே, எடிட்டர். உமையாள்புரம்தான் அவருக்கு" என்றார். எனக்கு வார்த்தை வரவில்லை. அவரைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். "போன வருஷம் ஏப்ரல்ல போய்ட்டாரே" என்றார்.

1984 ஏப்ரல் 6. ஒரு வருஷம் முந்தியிருந்தால் நேரில் போய்க் காலில் விழுந்து அந்த 450 அடிக்கு மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

பஸ்ஸில் ஊர் திரும்பும்போது அந்தப் பெயரையே நினைத்துக்கொண்டு வந்தேன். நமக்குத் தெரிந்த பெயர்தான் அது. திருவையாற்றில் கோயில் கொண்டிருக்கும் ஐயாறப்பருக்கு வடமொழியில் பஞ்சநதீஸ்வரர், பஞ்சாபகேசர் என்றெல்லாம் பெயர். ஐந்து ஆறுகளின் ஈசன். அதனால்தான் நம் பக்கம் அந்தக் காலத்தில் தெருவுக்கு இரண்டு பஞ்சாபகேசன், நாலு பஞ்சு, இரண்டு பஞ்சாமி இருப்பார்கள். பஞ்சாப் என்றாலும் ஐந்து ஆறு என்றுதான் அர்த்தம். ஆக, 'பஞ்சாபி' என்று திரையில் ஓடியது ஐயாறப்பன் பெயரேதான். எங்கள் கொட்டகைக்கு மேற்கே பஸ் ஏறினால் வந்துவிடுகிற சாமியின் பெயரை, வட இந்தியப் பெயர் என்று நான் பதினோரு வருஷம் நினைத்திருந்தேன்.

அவர் சும்மா வந்துவிடவில்லை. டைரக்டர் பி.கே. ராஜா சாண்டோவிடம் உதவியாளராக இருந்தார். அமெரிக்காவிலிருந்து வந்து தமிழ்ப்படம் எடுத்த எல்லிஸ் ஆர். டங்கனிடம் உதவி எடிட்டராக வேலை பார்த்தார். கோயம்புத்தூர் கந்தன் ஸ்டூடியோவில் லேபில் இருந்த கிருஷ்ணனோடு பழக்கமாகி, இரண்டு பேரும் சேர்ந்து 1944-ல் பூம்பாவையை இயக்கினார்கள். ஒருவர் பிலிமைக் கழுவித் தெரிந்துகொண்டவர், ஒருவர் வெட்டித் தெரிந்துகொண்டவர். அப்புறம் கலைவாணர் என்.எஸ்.கே.வின் கம்பெனிக்குப் பைத்தியக்காரன் 1947-ல், அண்ணா எழுதிய நல்லதம்பி 1949-ல். பராசக்திக்குப் பிறகு தமிழ், இந்தி என்று ஐம்பதுக்கு மேல் படங்கள். 40 வருஷம் ஒரு ஜோடி பிரியாமல் வேலை செய்வது சினிமாவில் எவ்வளவு அபூர்வம் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

1964-ல் வந்த சர்வர் சுந்தரத்துக்குக் கதை வசனம் பாலசந்தர். நன்னிலத்துப் பக்கத்தவர் எழுதி, உமையாள்புரத்தவர் பாதிப் பொறுப்பில் எடுத்த படம். உங்கள் கட்டுரையில் பாலசந்தர் பத்தியில் இந்தப் படம் வந்திருந்தது. டைரக்டர் பெயர் வரவில்லை. குழந்தையும் தெய்வமும் 1965. குட்டி பத்மினி இரட்டைக் குழந்தைகளாக வருவார். அந்தப் படம் எங்கள் தியேட்டரில் ஓடியபோது, "ரெண்டு புள்ளையும் நிஜமாவே இரட்டையா அண்ணே?" என்று என்னிடம் கேட்காத பெண்கள் கிடையாது. ஒரு பிள்ளைதான் என்றால் நம்ப மாட்டார்கள். ஒரே குழந்தையை இரண்டாக நம்ப வைப்பதில் கேமராவுக்குப் பாதி, வெட்டுக்குப் பாதி.

பஞ்சுவின் வேலை அவரோடு நின்றிருந்தால்கூட நான் இவ்வளவு எழுத மாட்டேன். அவர் மேஜையிலிருந்து ஒரு வம்சமே கிளம்பியது. ஏ. பீம்சிங் என்ற இளைஞர் கிருஷ்ணன்-பஞ்சுவிடம் உதவி எடிட்டராகச் சேர்ந்தார். கிருஷ்ணனின் சகோதரியையே கல்யாணம் செய்துகொண்டார். 1954-ல் அம்மையப்பன் படத்தில் டைரக்டரானார். 1958-ல் பதிபக்தி. அதிலிருந்து 'பா' வரிசையில் படங்கள். 1961 என்ற ஒரே வருஷத்தில் பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும். டைரக்டராக மட்டும் நிற்காமல் புத்தா பிக்சர்ஸ் என்று படத் தயாரிப்பிலும் இறங்கினார். டைரக்ட் செய்த படங்களுக்கு எடிட்டிங் மேஜையிலும் தானே உட்கார்ந்தார். பாசமலரின் எடிட்டர்களில் அவர் பெயரும் உண்டு.

எடிட்டராகத் தொடங்கியவர் தயாரிப்புக்கு வந்ததில் ஆச்சரியமில்லை என்று நான் சொல்வேன். பிலிம் அடிக்கணக்கில் காசு. எடுத்த பிறகு கழிப்பது எல்லாமே தயாரிப்பாளர் பையிலிருந்து போவது. எந்தக் காட்சி மேஜைக்கு வந்தால் கழிந்துவிடும் என்று எடுப்பதற்கு முன்பே தெரிந்தவர் எடிட்டர்தான். பீம்சிங் படப் பெட்டி வருகிறது என்றால் எங்கள் மாதிரிக் கொட்டகைக்காரர்களுக்கு நிம்மதி. பத்து வருஷப் பழைய படமாக இருந்தாலும் நம்பி வாங்கலாம். பாசமலரை மட்டும் நான் மூன்று ஊரில் ஓட்டியிருக்கிறேன். கடைசி ரீல் ஓடும்போது பெண்கள் பக்கத்திலிருந்து மூக்குறிஞ்சும் சத்தம் மெஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும்.

பீம்சிங்கின் மகன் பி. லெனினை எல்லாருக்கும் தெரியும். வி.டி. விஜயனோடு சேர்ந்து காதலன் படத்துக்காகச் சிறந்த எடிட்டிங் தேசிய விருது வாங்கினார். ஊருக்கு நூறு பேர் படத்துக்குச் சிறந்த இயக்குநர் என்ற தேசிய விருதும் அவருக்குத்தான். அவர் கைக்கு அந்தத் தொழில் அப்பாவிடமிருந்து வந்தது. அப்பாவுக்குக் கொடுத்தவர் உமையாள்புரத்துப் பஞ்சு. பாகவதர்களையும் அவர்கள் சீடர்களையும் சொல்லிப் பாட்டில் சிஷ்ய பரம்பரை என்று எழுதுகிறீர்களே, இதுவும் அப்படியொரு பரம்பரைதானே?

போன வாரம் உங்கள் கட்டுரையைப் படித்த சூட்டோடு கும்பகோணத்திலிருந்து திருவையாறு பஸ் ஏறி உமையாள்புரத்தில் இறங்கினேன். காவிரியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. டீக்கடையில் இரண்டு பேர், கோயில் வாசலில் ஒருவர், அப்புறம் சைக்கிளில் போன ஒரு பெரியவர். நாலு பேரிடமும் கேட்டேன். மிருதங்கம் என்றதும் நாலு பேருக்கும் தெரிந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. சினிமா பஞ்சு என்றால் முழித்தார்கள். பராசக்தியை எடுத்தவர் இந்த ஊர்க்காரர் என்றேன். டீ ஆற்றிக்கொண்டிருந்த தம்பி கையை நிறுத்திவிட்டு, "நெசமாவா பெரியப்பா? எங்க ஊரா?" என்று கேட்டான். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான். இன்னும் சொல்லுங்க என்று உட்கார வைத்தான். முக்கால் மணி நேரம் பேசினேன்.

அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் உங்களுக்கு எழுதுவது என்று முடிவு செய்தேன். உங்களிடம் நான் கேட்பது இரண்டு. அந்தத் தொடரின் அடுத்த பகுதியில் பஞ்சுவுக்கு ஒரு பத்தி கொடுங்கள், எடிட்டர் என்று போட்டே கொடுங்கள். இரண்டாவது, உமையாள்புரத்திலும் சுற்றுப்பட்டிலும் அவர் குடும்பத்தைத் தெரிந்த பெரியவர்கள் யாராவது இருப்பார்கள். அவர் எந்தத் தெருவில் பிறந்தார், எந்தப் பள்ளியில் படித்தார் என்பதை அவர்கள் இருக்கும்போதே உங்கள் நிருபரை அனுப்பிக் கேட்டு எழுதி வையுங்கள். 1915-ல் பிறந்தவரைப் பார்த்தவர்கள் இன்னும் எத்தனை வருஷம் இருப்பார்கள் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னக் காகித உறையை வைத்திருக்கிறேன். அதற்குள் ஆறு பிரேம் பிலிம் இருக்கிறது. நாலரை அங்குலம். திரையில் ஓடினால் கால் விநாடி. ஏதோ ஒரு பழைய பிரிண்ட்டில் முதல் ரீல் கிழிந்து வந்தபோது எடுத்து வைத்தது, எந்தப் படம் என்று குறித்து வைக்காமல் விட்டுவிட்டேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் 'பஞ்சாபி' என்ற எழுத்துகள் தெரியும். போட்டோ எடுத்துக் கட்டுரையோடு போடுங்கள். எடுக்கும்போது நடுவில் விரல் படாமல் ஓரத்தை மட்டும் பிடிக்கச் சொல்லவும். மடிக்க வேண்டாம், பழைய பிலிம், ஒடிந்துவிடும். வேலை முடிந்ததும் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினால் போதும். உறைக்குள்ளேயே தபால் தலை வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சினிமா ஆபரேட்டர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.